பகை வென்ற செவிலி

போர்க்களத்தில் படைக்கலம் ஏந்தி நின்றோரின் புகழை உலகம் போற்றிப் பாடும். அக்களத்திற்குப் பின்னே, குருதி தோய்ந்த ஆடைகளைக் களைந்து, புண்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டி, இரவெல்லாம் கண்விழித்து உயிர் காத்தோரின் புகழோ எளிதில் மறக்கப்படும். அவ்வாறு உயிர் காத்தவருள்ளும், தாம் கண்டதை ஒளிவு மறைவின்றி எழுதி, வருங்கால மக்களுக்கு எச்சரிக்கையாக விட்டுச் சென்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஆங்கில நாட்டு மங்கை வேரா பிரிட்டன் அம்மையார். முதல் உலகப் போரில் அவர் இழந்தவை பல. எனினும் அவ்விழப்புகள் அவர் உள்ளத்தில் பகைமையை வளர்க்கவில்லை. மன்னுயிர் அனைத்தையும் ஒன்றாகக் கருதும் அருளையே வளர்த்தன. அவ்வருள் அவருக்கு எளிதில் வாய்த்ததன்று என்பதனை அவரது வரலாறு காட்டும்.

இளமையும் கல்வியும்

வேரா, இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுசயர் வட்டாரத்தைச் சேர்ந்த நியூகாசில் அண்டர் லைம் என்னும் ஊரில், 1893ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் பிறந்தார். தந்தையார் காகித ஆலை உரிமையாளர், செல்வம் மிக்கவர். வேராவுக்கு எட்வர்டு என்னும் ஒரே தம்பி இருந்தான். அவன் வேராவினும் ஏறத்தாழ ஈராண்டு இளையவன்; வயலின் இசைப்பதில் வல்லவன். தமக்கையும் தம்பியும் உடலும் நிழலும் போல வளர்ந்தனர். பின்னர் அக்குடும்பம் பக்ஸ்டன் என்னும் மலைநகரில் குடியேறிற்று.

அக்காலத்து ஆங்கில நாட்டில், செல்வர் வீட்டுப் பெண்கள் உயர்கல்வி பெறுதல் வேண்டாததொன்றாகக் கருதப்பட்டது. நல்லிடத்தில் மணம் முடித்தலே அவர்தம் கடமை என்று பெற்றோர் எண்ணினர். ஆடவர்க்குப் பல்கலைக் கழகம், பெண்டிர்க்கு விருந்துக்கூடம் என்னும் அந்நிலையை வேராவின் உள்ளம் ஏற்கவில்லை. தந்தையாரிடம் பன்முறை வாதாடி இசைவு பெற்றார். தாமே முயன்று படித்தார். 1914ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தின் சாமர்வில் கல்லூரியில் உதவிப் பரிசுடன் இடம் பெற்றார்.

எட்வர்டு பயின்ற அப்பிங்காம் பள்ளியில் ரோலண்டு லெய்ட்டன், விக்டர் ரிச்சர்ட்சன் என்னும் இருவர் அவனுக்கு உயிர்த் தோழராயினர். ரோலண்டு நூலாசிரியரின் மகன். கவிதை எழுதும் ஆற்றல் வாய்ந்தவன். அவனும் எட்வர்டும் ஆக்ஸ்போர்டில் சேர்வதாக இருந்தனர். மூவரும் ஒரே நகரில் கூடிக் கற்கும் நாளை வேரா ஆவலுடன் எதிர்நோக்கினார்.

போர் மூண்டது

1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள், ஜெர்மனியின்மீது இங்கிலாந்து போர் தொடுத்தது. சில திங்களில் போர் முடிந்துவிடும் என்று பலர் நம்பினர். இளைஞர்கள் திரள் திரளாகப் படையிற் சேர்ந்தனர். எட்வர்டும் சேர விரும்பினான். தந்தையார் உடன்படவில்லை. அவ்வேளையில் தம்பியின் பக்கம் நின்று தந்தையாரோடு வழக்காடியவர் வேராவே ஆவார். நாட்டுக்காகப் போரிடுதல் உயர்ந்த கடமை என்று அந்நாளில் அவர் உறுதியாக நம்பினார். தந்தையார் இறுதியில் இசைந்தார். தாம் பேசிய அச்சொற்களைப் பிற்காலத்தில் அவர் மறைக்கவில்லை. தம் நூலில் உள்ளவாறே எழுதி வைத்தார்.

அக்டோபர்த் திங்களில் வேரா தனியே ஆக்ஸ்போர்டு சென்றார். உடன் கற்க வேண்டிய இளைஞர் இருவரும் படைப்பயிற்சியில் இருந்தனர். ரோலண்டு 1915ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரான்சு நாட்டுப் போர்முனைக்குச் சென்றான். சாமர்வில் கல்லூரிக் கட்டடங்களும் படைவீரர்க்கான மருத்துவமனையாக மாற்றப்பட்டன. அன்பர்கள் பதுங்கு குழிகளில் உயிரைப் பணயம் வைத்திருக்க, தாம் மட்டும் நூலகத்தில் அமர்ந்திருத்தல் தகுமோ என்னும் எண்ணம் வேராவை வாட்டிற்று. அரும்பாடுபட்டுப் பெற்ற கல்வியை அவர் பாதியில் நிறுத்தினார். செவிலிப் பணியை மேற்கொண்டார்.

செவிலிப் பணி

அக்காலத்தில் இங்கிலாந்தில் தன்னுதவித் தொண்டர் படை என்னும் அமைப்பு இருந்தது. அது 1909ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் சேர்ந்த மகளிர், பயிற்சி பெற்ற செவிலியர்க்குத் துணையாகப் பணிபுரிந்தனர். வேரா 1915ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பக்ஸ்டன் நகர மருத்துவமனையில் தொண்டைத் தொடங்கினார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் இலண்டனில் கேம்பர்வெல் என்னுமிடத்திலிருந்த படைத்துறைப் பொது மருத்துவமனைக்குச் சென்றார்.

வீட்டில் ஏவலாளர் சூழ வளர்ந்த நங்கை அவர். முட்டையை வேக வைக்கவும் அறியாதவர் என்று தம்மைப் பற்றி அவரே பின்னாளில் கூறியதுண்டு. அத்தகையவர் இப்போது தரையைத் துடைத்தார், படுக்கை விரித்தார், நோயாளிகளின் கழிகலங்களைத் தூய்மை செய்தார், சீழ் வடியும் புண்களைக் கழுவினார். கையிழந்தோர், காலிழந்தோர், முகம் சிதைந்தோர் எனப் பலரைக் கண்டார். முதலில் உள்ளம் நடுங்கிற்று. ஆயினும் இவ்வீரருள் ஒருவராகவே ரோலண்டைக் கருதி, ஒவ்வொருவர்க்கும் அன்புடன் பணி செய்தார்.

முதல் இடி

1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வேராவும் ரோலண்டும் மணம் புரிந்துகொள்வதென உறுதி செய்துகொண்டனர். கிறிஸ்துமஸ் விழாவுக்கு ரோலண்டு விடுமுறையில் வருவதாக எழுதியிருந்தான். வேராவும் விடுமுறை பெற்று, பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் காத்திருந்தார். விழா நாளும் கழிந்தது, அவன் வரவில்லை. கப்பல் பிந்தியிருக்கும் என்று உள்ளத்தைத் தேற்றிக்கொண்டார். மறுநாள் காலையில் தொலைபேசி அழைப்பு வந்தது. ரோலண்டின் குரலைக் கேட்கப் போகிறோம் என்னும் களிப்புடன் விரைந்து சென்றார். கேட்டதோ அவன் தங்கையின் குரல். முள்வேலியைப் பார்வையிடச் சென்றபோது குண்டு பாய்ந்து, டிசம்பர் 23ஆம் நாள் ரோலண்டு உயிர் துறந்தான் என்னும் செய்தியே அக்குரல் கொணர்ந்தது. அப்போது அவனுக்கு அகவை இருபதுதான்.

சில நாட்களுக்குப் பின் ரோலண்டின் உடைகள் அவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. சேறும் குருதியும் படிந்து, பிணவாடை வீசிய அவ்வுடைகளை வேரா நேரிற் கண்டார். ரோலண்டின் அன்னையால் அவற்றை வீட்டில் வைத்திருக்கவும் பொறுக்க முடியவில்லை. போர் என்றால் கொடியும் முரசும் வீரப்பாடலும் என்று எண்ணியிருந்தவர்க்கு, அதன் மெய்யான தோற்றம் எதுவெனக் காட்டியது அந்த ஒரு மூட்டை உடையே.

தம்பியும் தமக்கையும்

1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில் பெரும்போர் தொடங்கிற்று. அந்த ஒரு நாளில் மட்டும் ஆங்கிலப் படையினர் 57,000 பேருக்கு மேல் இறந்தும் புண்பட்டும் வீழ்ந்தனர். அவருள் மாண்டவர் 19,000 பேருக்கு மேற்பட்டவர். எட்வர்டும் அன்று தன் வீரரை நடத்திச் சென்றவன். கையிலும் தொடையிலும் காயமுற்றும் அவன் முன்னேற முயன்றான். அவ்வீரத்திற்காகப் பின்னர் அவனுக்குப் படைத்துறைச் சிலுவை என்னும் விருது வழங்கப்பட்டது.

புண்பட்டோர் இரயில் இரயிலாக இலண்டனுக்கு வந்தனர். கேம்பர்வெல் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. இலண்டனில் மருத்துவமனைகள் எத்தனையோ இருந்தும், எட்வர்டு தன் தமக்கை பணிபுரிந்த மருத்துவமனைக்கே கொண்டுவரப் பட்டான். படுக்கையில் தம்பியைக் கண்ட வேரா அடைந்த உவகைக்கு அளவில்லை. போர் அவருக்கு அளித்த மகிழ்ச்சிகளுள் அதுவே பெரிது.

மால்ட்டாத் தீவில்

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் வேரா மால்ட்டாத் தீவுக்கு அனுப்பப் பட்டார். அவர் ஏறிச் சென்ற பிரிட்டானிக் என்னும் மருத்துவக் கப்பல், 1912இல் கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் இனத்தைச் சேர்ந்தது. அக்கப்பலும் அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ஏஜியன் கடலில் மூழ்கிப் போயிற்று. நடுக்கடற் பகுதியின் இளவெயிலும் நீலக்கடலும் மலர்ச்செடிகளும் மால்ட்டாவில் அவர் மனப்புண்ணைச் சிறிது ஆற்றின.

ஆயினும் அந்த அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் ஆராஸ் போரில் விக்டரின் தலையில் குண்டு பாய்ந்தது. அவன் இரு கண்களின் பார்வையும் போயிற்று. அத்திங்கள் 23ஆம் நாள், எட்வர்டின் படைத்தோழனும் வேராவின் அன்புக்குரிய நண்பனுமாகிய ஜெப்ரி தர்லோ போரில் மாண்டான். இவ்விரு செய்திகளும் அடுத்தடுத்துத் தந்தி வழியே வேராவை எட்டின. பார்வையிழந்த விக்டருக்கு வாழ்நாள் முழுதும் துணையாக இருப்பதெனத் துணிந்து, அவர் உடனே இங்கிலாந்து திரும்பினார். அவனை மணந்துகொள்ளவும் அவர் எண்ணியிருந்தார். ஆனால் அதற்கும் விதி இடந்தரவில்லை. விக்டர் சூன் 9ஆம் நாள் உயிர் நீத்தான்.

பகைவர்க்குத் தொண்டு

1917ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வேரா பிரான்சு நாட்டின் எட்டாப்பிள் என்னும் இடத்திற்குச் சென்றார். அங்கே ஆங்கிலப் படையின் பெரும் பாசறையும், வரிசை வரிசையாக மருத்துவக் குடில்களும் இருந்தன. 24ஆம் எண் பொது மருத்துவமனையில் அவருக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட பணி யாது? சிறைப்பட்ட ஜெர்மானியருள் கடும் புண்பட்டுக் கிடந்தோரைப் பேணும் பணியே அது.

அவர் நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். ரோலண்டைக் கொன்றவர் ஜெர்மானியர். விக்டரின் கண்ணைப் பறித்தவரும், ஜெப்ரியை வீழ்த்தியவரும் அவர்களே. இப்போது அவர்கள் நிராதரவாக அவர்முன் கிடந்தனர். மற்றொருபால், எட்வர்டு அந்நாளில் பெல்சியத்துப் போர்முனையில் ஜெர்மானியரை எதிர்த்து நின்றான். தம்பி எவரைக் கொல்ல முயன்றானோ, அவரையே தமக்கை பிழைப்பிக்க முயன்றார். இம்முரண்பாடு வேராவின் உள்ளத்தை உலுக்கிற்று.

ஆனால் புண்ணுக்கு நாடு தெரியுமோ? உயிர் பிரியும் வேளையில் தாயை நினைந்து அழும் இளைஞன், எம்மொழியில் அழுதால் என்ன? இறக்கும் நிலையில் இருந்தவர்களின் கையைப் பற்றி வேரா ஆறுதல் கூறினார். குருதி ஒழுக்கை நிறுத்தப் போராடினார். நோய் தணிந்து வேறிடம் செல்லவிருந்த ஜெர்மானிய அலுவலர் ஒருவர், தமக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தில் நன்றி கூறிக் கைகொடுத்தார். பகைவன் என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான் என்னும் உண்மையை வேரா அங்கேதான் தெளிவாக உணர்ந்தார்.

நச்சுப்புகையால் தாக்குண்டவரையும் அவர் அங்கே கண்டார். அவர்தம் உடலெங்கும் கொப்புளங்கள், கண்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, மூச்சுத் திணறலால் பேச்சும் எழவில்லை. இப்போரைப் புனிதப் போர் என்று மேடையில் முழங்குவோர் இவர்களை ஒரு முறை வந்து பார்த்தால் நன்று என்னும் கருத்தமைய அவர் தம் அன்னைக்குக் கடிதம் எழுதினார்.

1918ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் ஜெர்மானியர் பெருந்தாக்குதல் தொடங்கினர். புண்பட்டோர் வெள்ளம் போல் வந்து குவிந்தனர். இரவு பகல் அறியாது செவிலியர் உழைத்தனர். அவ்வேளையில், தாயார் நோயுற்றதால் உடனே திரும்புமாறு தந்தையார் எழுதினார். கடமை ஒருபாலும் பெற்றோர் ஒருபாலும் ஈர்க்க, வேரா மனமின்றி இங்கிலாந்து திரும்பினார். மகன் போர்முனையை விட்டு வருமாறு எந்தத் தந்தையும் எழுதுவதில்லை. மகளின் பணி மட்டும் எளிதாக எண்ணப்படுகிறதே என்று அவர் வருந்தினார்.

இறுதி இழப்பு

எட்வர்டின் படை இதற்குள் இத்தாலிக்கு மாற்றப்பட்டிருந்தது. அங்கே ஆசியாகோ மேட்டு நிலத்தில் 1918ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் நிகழ்ந்த போரில் எட்வர்டு கொல்லப்பட்டான். ஒரு வாரத்திற்குப் பின் தந்தி வந்தது. நால்வராக இருந்த இளைஞருள் எஞ்சியிருந்த ஒருவனும் மறைந்தான்.

நவம்பர் 11ஆம் நாள் போர் ஓய்ந்தது. இலண்டன் தெருக்களில் மக்கள் ஆடிப்பாடினர். வெற்றியை அறிவிக்கும் வேட்டொலி எழுந்தபோது, வேரா மருத்துவமனையில் மருந்திடும் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒலி கேட்டும் அவர் கைகள் நிற்கவில்லை. வெற்றியைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு யார் இருந்தனர்?

மீண்டும் கல்வி

1919ஆம் ஆண்டில் வேரா ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பினார். முன்பு இலக்கியம் பயின்றவர், இப்போது வரலாற்றைத் தேர்ந்துகொண்டார். தம் தலைமுறைக்கு இத்தகைய பேரழிவு ஏன் நேர்ந்தது என்பதனை ஆராய்ந்தறிதல் வேண்டும் என்பதே அதன் காரணம். அங்கே வினிபிரடு ஹோல்ட்பி என்னும் மாணவி அவருக்கு நெருங்கிய தோழியாயினார். பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு 1920இல்தான் இசைந்தது. வேரா 1921இல் கல்வியை முடித்தார்.

1924ஆம் ஆண்டில் தோழியர் இருவரும் ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய நாடுகளைச் சுற்றிப் பார்த்தனர். தோற்ற நாட்டு மக்களின் வறுமையையும் மனக்கசப்பையும் நேரிற் கண்டனர். பழிவாங்கும் எண்ணத்தால் செய்யப்படும் அமைதி, அடுத்த போருக்கு இடும் விதை என்பது வேராவின் உள்ளத்தில் பதிந்தது. 1925இல் ஜார்ஜ் கேட்லின் என்னும் அரசியல் அறிஞரை அவர் மணந்தார். அவர்தம் மகள் ஷெர்லி வில்லியம்சு பிற்காலத்தில் இங்கிலாந்தின் அமைச்சராக விளங்கினார்.

நூல் பிறந்த வரலாறு

தம் போர்க்கால வாழ்வை உலகுக்குக் கூற வேண்டும் என்னும் எண்ணம் வேராவை விட்டு நீங்கவில்லை. முதலில் அதனைக் கதையாக எழுத முயன்றார், நிறைவு உண்டாகவில்லை. பின்னர்த் தம் நாட்குறிப்புகளையும், மாண்ட இளைஞர்களின் கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, உண்மை வரலாறாகவே எழுதினார். 'டெஸ்டமெண்ட் ஆவ் யூத்' என்னும் அந்நூல் 1933ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. 'இளமையின் சான்று' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம்.

போரைப் பற்றி அதுவரை புகழ்பெற்றிருந்த நூல்கள் பெரும்பாலும் ஆடவர் எழுதியவை. பெண்ணொருத்தியின் கண்கொண்டு, காத்திருத்தலின் வேதனையையும் செவிலியின் உழைப்பையும் விரித்துரைத்த இந்நூலை மக்கள் பேரார்வத்துடன் வாங்கிப் படித்தனர். மகனையோ கணவனையோ உடன்பிறந்தானையோ இழந்த எண்ணற்ற மகளிர் அதில் தம் துயரத்தையே கண்டனர். வினிபிரடு 1935இல் இளமையிலேயே மறைந்தபோது, அத்தோழியின் வரலாற்றையும் 1940இல் வேரா நூலாக்கினார்.

மீண்டும் ஒரு சோதனை

வேரா அஞ்சியவாறே 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் 1937ஆம் ஆண்டிலேயே அமைதி உறுதிமொழிச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். போர் தொடங்கியதும், அமைதி விரும்புவோர்க்கு எனக் கடிதங்கள் எழுதி அச்சிட்டு, போர் முடியும் வரையும் அதற்குப் பின்னும் இடைவிடாது அனுப்பி வந்தார்.

அந்நாளில் ஜெர்மானிய விமானங்கள் இலண்டனில் குண்டு பொழிந்தன. பின்னர் ஆங்கில விமானங்கள் ஜெர்மனியின் நகரங்களைத் தரைமட்டமாக்கின. படைவீடுகளோடு குடிமக்கள் வாழும் தெருக்களும் எரிந்தன. பெண்டிரும் குழந்தைகளும் மாண்டனர். அதனைக் கண்டித்து 1944இல் வேரா ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் அவர்மீது கடுஞ்சினம் எழுந்தது. பகைவர்க்குப் பரிந்து பேசுபவர் என்று பலர் பழித்தனர். அவருடைய நூல்களை விரும்பிப் படித்தவருள்ளும் பலர் விலகிச் சென்றனர். வேரா தம் கொள்கையை விடவில்லை. எட்டாப்பிள் குடிலில் தாம் பற்றிய கைகளை அவர் மறந்தாரல்லர்.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஜெர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினால் உடனே சிறைப்படுத்துவதற்கென 2,800 பேர் வரையில் பெயர் எழுதி வைத்திருந்தனர். அப்பட்டியலில் வேராவின் பெயரும் இருந்தது! பகைவரின் நண்பர் என்று தம் நாட்டார் பழித்தவரை, தமக்குப் பகைவர் என்றே ஜெர்மானிய ஆட்சியாளர் குறித்திருந்தனர். கொடுங்கோன்மையையும் போரையும் ஒருங்கே எதிர்த்தவர் அவர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவும் அம்மையாரும்

காந்தியடிகளின் அறநெறியில் வேரா பெருமதிப்புக் கொண்டவர். அடிகள் மறைந்த பின், 1949ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சாந்திநிகேதனத்திலும் சேவாகிராமத்திலும் உலக அமைதியாளர் மாநாடு நடைபெற்றது. அதற்கு வேரா வருகை தந்தார். இந்தியப் பயணத்தைப் பற்றி 1951இல் ஒரு நூலும், விசயலட்சுமி பண்டிட் அம்மையாரைப் பற்றி 1965இல் ஒரு நூலும் எழுதினார்.

முடிவு

1970ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் வேரா பிரிட்டன் அம்மையார் இலண்டனில் இயற்கை எய்தினார். அவர் விரும்பியவாறே, அவரது உடலின் சாம்பல் இத்தாலி நாட்டு மலைமேல் எட்வர்டின் கல்லறையில் தூவப்பட்டது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்த தமக்கையும் தம்பியும் மீண்டும் ஓரிடத்திற் சேர்ந்தனர். போர்க்காலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1981இல் அச்சேறிற்று.

துன்பம் நேர்ந்தவிடத்துப் பகை கொள்ளுதல் மனித இயல்பு. துன்பம் செய்தவன் துன்புறும்போது அவனுக்கு மருந்திடுதல் அரிய செயல். அச்செயலில் தாம் கற்றதை, கேட்போர் வெறுத்தபோதும் அஞ்சாது எடுத்துரைத்தல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் செய்து காட்டிய வேரா பிரிட்டன் அம்மையாரின் வாழ்வு, பகையை வெல்லும் படைக்கலம் அன்பே என்பதனை உலகுக்கு உணர்த்தி நிற்கின்றது.

பயிற்சி

1. வேரா தம் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியது ஏன்?
2. ரோலண்டின் உடைகளைக் கண்டபோது வேரா உணர்ந்த உண்மை யாது?
3. எட்டாப்பிள் மருத்துவமனையில் வேராவின் உள்ளத்தை உலுக்கிய முரண்பாட்டை விளக்குக.
4. வேரா இலக்கியத்தை விடுத்து வரலாற்றைக் கற்க விரும்பியதன் காரணம் என்ன?
5. 'பகைவன் என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான்.' இக்கருத்தை வேராவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஒரு கட்டுரையாக வரைக.